பேனரில் இருபத்திரண்டு முகங்கள்

வடக்குப்பட்டு
22.6.2025

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால்: வடக்குப்பட்டு மாரியம்மன் கோயில் தெரு, அண்ணாதுரை – செங்கமலம் தம்பதியர் இல்லத்து மொட்டைமாடியில் ஆறு ஆண்டுகளாகக் குந்தியிருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடி, கடந்த வியாழனன்று அடித்த காற்றில் பறந்து போய்விட்டது. கறுப்பு நிறம், வட்ட முகம், சாந்த குணம். மூடி போனதில் அம்மாவுக்கு மூடும் போய்விட்டது. அன்னாரின் இடத்தில் தற்போது கல்யாணச் சமையல் தட்டு ஒன்று பொறுப்பு வகிக்கிறது.

அன்புள்ள அக்கா கவிப்பிரியாவுக்கும், அவளுக்கு முன்பே இதைப் பிரித்துப் படிக்கும் வார்டன் அம்மாவுக்கும் வசந்தகுமார் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அங்கே நீ, உன் தலைவலி, உன் உயிரியல் புத்தகம் மூவரும் நலமா? போனைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் நீட் கோச்சிங் விடுதியில் நீ சேர்ந்த புண்ணியத்தில், தபால்பெட்டியைத் தேடி ஒரகடம் வரை சைக்கிள் மிதிக்கும் ஒரே பதினொன்றாம் வகுப்பு மாணவன் என்ற பெருமை எனக்குக் கிடைத்திருக்கிறது.

இனி தலைப்புச் செய்தி. ஜூலை இருபத்தேழு ஞாயிறு நம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் திருவிழா. விளம்பரப் பொறுப்பு முழுவதும் என்னிடம் வந்திருக்கிறது. 'வடக்குப்பட்டு வாய்ஸ்' என்று இன்ஸ்டாகிராமில் நான் நடத்தும் பக்கத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர். ஊர் ஜனத்தொகையே அவ்வளவு இருக்குமா தெரியாது. விழாக்குழுவில் அப்பா இருப்பதால் கிடைத்த பதவி என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். நம்பாதே.

இந்த வருஷம் சாயங்கால இன்னிசைக் கச்சேரியில் உள்ளூர் ஆட்களுக்கும் இடம் உண்டு. நம் மாடியில் குடியிருக்கும் செல்வி அக்காவைத்தான் குறிவைத்திருக்கிறேன். கம்பெனியில் முதல் ஷிப்ட் முடிந்து வந்து துணி காயப்போடும்போது அது பாடுவதைக் கேட்டிருக்கிறாயே. பக்கத்து மாடியில் மிளகாய் காயவைக்கும் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு நிற்கிறார்கள். நேற்று நேராகவே கேட்டேன். "ஏ போடா, துணி காயப்போட பாடுதேன், அதுக்கு ஒரு மேடையா?" என்று சிரித்தது. அதன் வீட்டுக்காரர் அருள்பாண்டி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மாதத்துக்கு நான்கு வார்த்தைதான் பேசுவார். அதில் இரண்டை என்மீது செலவு செய்துவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
விளம்பரத் துறை அமைச்சர்
வசந்தகுமார்


நாமக்கல்
29.6.2025

அன்புள்ள வசந்துக்கு, அக்கா எழுதுவது. நலம். தலைவலி பரவாயில்லை. தினமும் ஒரு தேர்வு, வாரம் ஒரு பெரிய தேர்வு. போன வருஷத்தைவிட மார்க் ஏறியிருக்கிறது, அம்மாவிடம் சொல். அவள் கால்வலிக்கு அந்தத் தைலத்தைத் தேய்க்கிறாளா?

உன் கடிதத்தை வார்டன் இரண்டு முறை படித்தார். "உங்க தம்பிக்கு என்ன வயசு?" என்று கேட்டார். பதினாறு என்றேன். "அப்படித் தெரியலையே" என்றார். எந்தப் பக்கம் தெரியவில்லை என்று நான் கேட்கவில்லை.

செல்வி அக்காவைத் தொந்தரவு பண்ணாதே. அது பாடினால் மாடியோடு இருக்கட்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வருகிற ஆளை மேடையில் வேறு ஏற்றாதே. ஏன் என்று நோண்டாதே. அக்கா சொன்னால் ஒரு தடவையாவது சும்மா கேள்.

அப்பாவை வெயிலில் அலையவிடாதே. தீச்சட்டி எடுக்கிறார் என்றால் ஒரு வாரம் முன்பே காப்புக் கட்டிக்கொண்டு விரதத்தில் இருப்பார். ஒழுங்காகச் சாப்பிடமாட்டார்.

அன்புடன்,
கவிப்பிரியா


வடக்குப்பட்டு
14.7.2025

அன்புள்ள அக்காவுக்கும் மதிப்பிற்குரிய வார்டன் அம்மாவுக்கும் வணக்கம். பதினாறு வயதுதான். நம்புங்கள்.

அம்மா தைலம் தேய்க்கிறாள். தைலத்தின் விலையைச் சொல்லிச் சொல்லித் தேய்ப்பதால் வலி பயந்து ஓடுகிறது. எல்லோரும் சுகம்.

வெற்றி! செல்வி அக்கா ஒத்துக்கொண்டது. பதினெட்டு நாள் போராட்டம். தினமும் படிக்கட்டில் உட்கார்ந்து அது பாடும் பாட்டையே என் குரலில் பாடினேன். பத்தொன்பதாம் நாள் அதனால் தாங்க முடியவில்லை. "ஏ தம்பி, ஒரே ஒரு பாட்டு. அம்மனுக்குப் பாடுதேன், போதுமா? போட்டா எடுக்கக் கூடாது. பேரும் போடக் கூடாது. மைக்ல செல்வின்னு மட்டும் சொல்லிக்கோ என்ன" என்றது. சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அண்ணன் வந்ததும் பேச்சை மாற்றிவிட்டது.

இவ்வளவு நல்ல குரலுக்கு இவ்வளவு கூச்சமா? எனவே ஓர் இன்ப அதிர்ச்சி தயாராகிறது. பன்னிரண்டுக்கு எட்டு அடியில் விழா பேனர். மேலே அம்மன். கீழே விழாக்குழு, ஊர்ப் பெரியவர்கள், நன்கொடையாளர்கள் என்று இருபத்தொரு முகம். இருபத்திரண்டாவது முகம் நடுவில் பெரிதாக, செல்வி அக்கா. துணி காயப்போட்டுக்கொண்டே பாடியபோது எதிர்மாடியிலிருந்து நான் எடுத்த படம். சிரித்துக்கொண்டிருக்கிறது, தெரியுமா?

உன் தம்பியின் மூளையைக் கேள். அது மதுரைப் பக்கம் என்றுதானே நம்மிடம் சொல்லியிருக்கிறது? வாடகைக்கு வரும்போது கொடுத்த ஆதார் ஜெராக்ஸை அம்மா பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறாள். எடுத்துப் பார்த்தேன். முழுப்பேர் இசக்கிசெல்வி. ஊர் மேலச்செவக்குளம், திருநெல்வேலி ஜில்லா! சொந்த ஊர்ப் பேரைப் பெரிய எழுத்தில் பார்த்தால் யாருக்குத்தான் பூரிக்காது? 'மேலச்செவக்குளம் தந்த குயில் இசக்கிசெல்வி' என்று போடச் சொல்லியிருக்கிறேன். பிளெக்ஸ் கடைக் கோதண்டம் அண்ணன் "சூப்பர்டா, சென்டிமென்ட்டு சும்மா தூக்குது" என்றார். ஓரத்தில் சின்னதாக 'வடிவமைப்பு: வசந்த்' என்று வருகிறது. சின்னதாகத்தான். அரை அடி.

ஞாயிறு பேனர் ஏறுகிறது.

இப்படிக்கு,
துப்பறியும் சிங்கம்
வசந்தகுமார்


நாமக்கல்
18.7.2025

வசந்த்,

இது வார்டன் கைக்குப் போகாது. சமையலறைக் கங்கா அக்கா வெளியில் போய்ப் போடுகிறாள். அவள் போனிலிருந்து அம்மாவுக்கு மூன்று முறை அடித்துவிட்டேன். தெரியாத நம்பர் என்றால் லோன்காரன் என்று அம்மா எடுக்கமாட்டாள். மாதம் ஒரு சிம் மாற்றும் உன் நம்பர் யாருக்குத் தெரியும்? அப்பாவிடம் சொன்னால் விழாக்குழு முழுக்கப் பரவிவிடும். அதனால் எழுதுகிறேன்.

பேனர் அடிக்காதே. அடித்திருந்தால் கட்டாதே. கட்டியிருந்தால் இதைப் படித்த நிமிஷமே இறக்கு.

செல்வி அக்கா நான் இங்கே கிளம்புவதற்கு முந்தின நாள் என்னிடம் மட்டும் சொன்னது. அவர்கள் இரண்டு பேரும் வேற வேற சாதி. வீட்டுக்குத் தெரியாமல் ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதன் அண்ணன் கொம்பையா ஒன்றரை வருஷமாக ஊர் ஊராகத் தேடுகிறான். அருள்பாண்டி அண்ணன் வீட்டுக்குப் போய் அவர் அப்பா முன்னால் அரிவாளை வைத்துவிட்டு, "ஒம் மவன் எங்க கெடச்சாலும் முழுசா வரமாட்டான்" என்று சொல்லிவிட்டு வந்தானாம். அதனால்தான் மதுரை என்றார்கள். அதனால்தான் வெறும் செல்வி.

இன்றைக்கே அம்மாவிடம் சொல். அம்மாவிடம் மட்டும். அவளுக்கு என்ன செய்வது என்று தெரியும். விளையாட்டு வேண்டாம்டா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கவி


வடக்குப்பட்டு
21.7.2025

அன்புள்ள அக்கா, நலம், நலமே சூழ்க. உன் பதில் இன்னும் வரவில்லை. பேனர் ஏறிய செய்தியைச் சூடாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நேற்றுக் காலை பெரிய ரோட்டு முனையில் சவுக்குக் கம்பு நட்டு ஏற்றினோம். கம்பெனி பஸ்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போகின்றன. பேனர் ஏறுவதை அப்படியே ரீல் எடுத்து, பின்னால் செல்வி அக்கா குரலை ஓடவிட்டு, முன்னால் நான் நின்று பேசிப் போட்டேன். ஒரே நாளில் நாற்பத்தோராயிரம் பேர்! இங்கே கம்பெனிகளில் வேலை பார்க்கும் தெற்கத்திப் பையன்கள் எல்லா ரூமிலும் பகிர்கிறார்கள். "எங்க ஊரு பிள்ள" என்று எத்தனை பேர்! ஒருத்தர் மட்டும் "இது எந்த இடம் தம்பி?" என்று மூன்று தடவை கேட்டிருந்தார். ரசிகரைக் காக்கவைக்கலாமா? லொக்கேஷனையே போட்டுவிட்டேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அதிர்ச்சி விஷயத்தில்தான் சின்னச் சறுக்கல். ஞாயிறு ஓ.டி. முடிந்து மூன்று மணி பஸ்ஸில் செல்வி அக்கா வந்து இறங்கியது. பேனருக்கு எதிரே நான் கையைக் கட்டிக்கொண்டு ஹீரோபோல நின்றேன். நிமிர்ந்து பார்த்தது. அப்படியே நின்றது. பின்னால் வந்த பெண்கள் முட்டிக்கொண்டு தாண்டிப் போனார்கள். "எப்படிக்கா?" என்றேன். கம்பெனி முகமூடியைக் கழற்றவே இல்லை. "ஊரு பேரு யாரு சொன்னா ஒனக்கு?" என்று மட்டும் கேட்டது. சத்தமே இல்லை. பதில் சொல்வதற்குள் போய்விட்டது.

வெட்கம் என்று நினைக்கிறேன். மாடியில் நேற்றிலிருந்து பாட்டு இல்லை. கொடியில் துணியும் இல்லை. அருள்பாண்டி அண்ணன் ஷிப்டுக்குப் போகவில்லை. ஜன்னலுக்குப் பழைய போர்வை கட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் அம்மா மாடிக்குப் போய் ஒரு மணிநேரம் கழித்து வந்தாள். என்னம்மா என்றேன். "ஒண்ணும் இல்ல, போய்ப் படி" என்றாள். நான் படிக்கவேண்டும் என்று அம்மா நினைத்து எவ்வளவு நாளாயிற்று!

இப்படிக்கு,
நாற்பத்தோராயிரம் ரசிகர்களின்
வசந்தகுமார்


வடக்குப்பட்டு
24.7.2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. கவலைப்படாதே. ரீலை எடுத்துவிட்டேன். பேனரை இறக்கி எரித்தாயிற்று. அம்மாவிடம் சொல்லவேண்டியதும் ஆயிற்று. எல்லாம் சரி. தேர்வில் கவனம் செலுத்து.

நான் இருக்கிறேன் அல்லவா.

வசந்த்


நாமக்கல்
30.7.2025

அன்புள்ள வசந்துக்கு,

நீ எட்டு வரியில் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. வார்டன்கூட "தம்பிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

மூன்றே கேள்வி. அவர்கள் வேறு இடம் போய்விட்டார்களா? அந்த இடம் கேட்ட ஆள் மறுபடி ஏதாவது கேட்டானா? அம்மா என்ன சொன்னாள்? அம்மாவிடம் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அம்மா சொன்ன ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. அவள் உன்னைத் திட்டியிருந்தால் அந்தத் திட்டே ஒரு பக்கம் வருமே.

இப்போதெல்லாம் ஒரு கணக்கைப் படித்தால் கேள்வி முடிவதற்குள் முதல் வரி மறந்துவிடுகிறது. சீக்கிரம் எழுது.

கவி


வடக்குப்பட்டு
6.8.2025

அன்புள்ள அக்காவுக்கும், என் உடல்நலம் விசாரித்த வார்டன் அம்மாவுக்கும் வணக்கம். உடம்பு நலம். ஊர் நலம்.

திருவிழா ஓஹோ! எட்டு அண்டா கூழ். கூட்டம் வடக்குப்பட்டையே குடித்துவிடும்போல இருந்தது. பம்பைக்காரர்கள் படப்பையிலிருந்து வந்து அடித்த அடியில், ஒன்றுமே வராத பிளெக்ஸ் கடைக் கோதண்டம் அண்ணனுக்கே சாமி வந்துவிட்டது. குறி கேட்டால் "பிளெக்ஸ் ரேட்டு ஏறப்போவுது" என்று சொன்னாராம். கச்சேரியில் கீபோர்டுக்காரர் பாதியில் தூங்கிவிட்டார். கை மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தது.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். ஆம், ஆட்கள் வந்தார்கள். அன்றைக்கு மத்தியானம், வெள்ளைக் கார், திருநெல்வேலி நம்பர், இரண்டு பேர். வெள்ளைச் சட்டை. பெரியவன்தான் கொம்பையா. நேரே என்னிடம் வந்தார்கள். "தம்பி, பாட்டு படிக்கிற பிள்ளை எங்க இருக்கு?" என்று கேட்டான்.

நான் அசரவில்லை. அவனை மேலிருந்து கீழே பார்த்தேன். "அவங்களா? காலி பண்ணிட்டு மணிமங்கலம் போயிட்டாங்களே! கோயில் பின்னால பச்சை கேட்டு வூடு" என்றேன். வழியும் சொன்னேன். சேரப்பணஞ்சேரி தாண்டி, படப்பையில் திரும்பி, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்றேன். "ரொம்ப நன்றி தம்பி" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இந்நேரம் மணிமங்கலத்தில் இருக்கும் பச்சை கேட்டை எல்லாம் தட்டிக்கொண்டிருப்பார்கள்!

செல்வி அக்காவும் அண்ணனும் அன்றைக்கே பத்திரமாகக் கிளம்பிவிட்டார்கள். மாடி காலி. அம்மா வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறாள். கதை முடிந்தது. இனி நீ படி.

இப்படிக்கு,
எதிரிகளைத் திசைதிருப்பிய தளபதி
வசந்தகுமார்


நாமக்கல்
13.8.2025

வசந்த்,

நலம். உன் கடிதம் வந்த மறுநாள் அம்மாவிடமிருந்தும் ஒரு கார்டு வந்தது. அம்மா எனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. இரண்டே வரி. 'நாங்க நல்லா இருக்கோம் நீ நல்லா படி. வசந்த ஒன்னும் கேக்காத.'

என்னடா நடந்தது?

அக்கா


நாமக்கல்
5.9.2025

வசந்த்,

மூன்று வாரமாயிற்று. வார்டன் தினமும் தபால் வந்ததும் என் பக்கம் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டுகிறார். அவருக்கும் உன்னைத் தேடுகிறது.

திட்டமாட்டேன். அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று மட்டுமாவது எழுது.

அக்கா


வடக்குப்பட்டு
21.9.2025

அன்புள்ள அக்கா,

இருக்கிறார்கள். இரண்டு பேரும் இருக்கிறார்கள். அதை முதலில் எழுதிவிட்டேன். இனி மற்றது.

இதையும் வார்டன் அம்மா படிப்பார்கள். படிக்கட்டும். இந்தக் கடிதத்தை ஏழு தடவை எழுதிக் கிழித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் நான் கொஞ்சம் வீரனாக இருந்தேன்.

பேனரை எரித்தேன் என்றது பொய். இறக்கவே இல்லை. உன் கடிதம் வந்த அன்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். விழாக்குழு ஆள் ஒருவர் பார்த்துவிட்டு, "இன்னாடா பண்ற? தலைவர் மூஞ்சி கீது, கூழு ஊத்தறதுக்கு முன்னாடி எறக்குனா அவுரு வூட்டு ஆளுங்க சும்மா வுடுவாங்களா?" என்றார். இருபத்தொரு பேர் கோபித்துக்கொள்வார்கள் என்று ஒரு முகத்தை விட்டுவிட்டேன். செல்வி அக்கா முகத்தின்மேல் மட்டும் கூழ் வார்க்கும் நோட்டீஸைப் பசை தடவி ஒட்டினேன். மறுநாள் காற்றில் பாதி உரிந்து, சிரிப்பு மட்டும் வெளியில் தெரிந்தது. பேனரின் ஓரத்தில் என் பேர் இருந்தது இல்லையா, அதையும் நினைத்தேன். அதை உன்னிடம் மறைக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன் என்றதும் பொய். பயமாக இருந்தது. ஆனால் அம்மாவுக்கு எனக்கு முன்பே தெரியும். பேனர் ஏறிய அன்றே செல்வி அக்கா அழுது எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறது. அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டாள். பரப்பிவிடுவார் என்று நீ பயந்தாயே, நம் அப்பா ஒரு ஈயிடம்கூடச் சொல்லவில்லை. ஒன்றாம் தேதிக்கு வேறு இடத்தில் ரூம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் எனக்குத் தெரியாமல் மறைத்தார்கள். நானும் எல்லோருக்கும் தெரியாமல் மறைத்தேன். ஒரே கூரையின்கீழ் ஒரே ரகசியம்.

இருபத்தேழாம் தேதி செல்வி அக்கா மேடைக்குப் பயந்து ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. போட்டுக்கொண்டு போய்விட்டது. அண்ணன் மாடியில், வெளியே பூட்டிய கதவுக்குள் இருந்தார். ஒன்றரை மணி. கூழ்ப் பந்தலில் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் வந்தார்கள்.

கொம்பையா போனை நீட்டினான். என் ரீல். நான் அழித்ததை எவனோ இறக்கி வைத்திருந்திருக்கிறான். அதில் நான் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். "இது நீதான தம்பி?" என்றான். மிரட்டவில்லை அக்கா. என் தோளில் கையைப் போட்டான். நம் மாமா போடுவதுபோல. "நல்லா பேசுத. எங்க தங்கச்சிதான். எங்க அம்மை கெடையா, படுத்த படுக்கையா கெடக்கா. ஒரு தடவ முகத்தப் பாத்துட்டுப் போயிருதோம். வீடு எது?" என்றான். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. பின்னால் நின்றவன் கண்ணில் இல்லை. காரின் பின்கதவு சரியாக மூடாமல் இருந்தது. உள்ளே நீளமாக ஏதோ சாக்கில் சுற்றிக் கிடந்தது.

மணிமங்கலம் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. பச்சை கேட்டு எல்லாம் ஒரு வாரம் கழித்து உனக்கு எழுதும்போது தோன்றியது. எனக்கு எல்லாம் தெரியும். உன் கடிதம் என் சட்டைப்பையிலேயே இருந்தது. ஆனால் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு, அக்கா! தொட்டி மூடிக்கு இரங்கல் எழுதிய எனக்கு. வாய் கட்டிப்போய் நின்றேன். என் கைதான் மேலே ஏறியது. விரல் நம் வீட்டு மாடியைக் காட்டியது. அது ஏறுவதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பார்த்துவிட்டாள். கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவள் என் விரலைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். இரண்டு சொம்போடு குறுக்கே வந்து நின்றாள்.

"யாருபா நீங்க? வெளியூரா? மாடில யாரும் இல்ல, காலி பண்ணிகினு போயி பத்து நாளு ஆவுது. அம்மன் வூட்டுக்கு வந்துட்டு கூழு குடிக்காம போவக் கூடாது. புடி."

"இல்லம்மா, ஒரு எட்டு மேல பாத்துட்டு..."

"பாக்கலாம், பாக்கலாம். பூட்டின வூடு எங்க ஓடிரப் போவுது? ஆத்தா கூழ வேணான்னா சொல்லுவ?"

மறுக்க முடியுமா? குடித்தார்கள். அம்மா மறுபடி ஊற்றினாள். வெங்காயம் வைத்தாள், கருவாடு வைத்தாள். எந்த ஊர், எத்தனை பிள்ளை, மழை உண்டா என்று கேட்டுக்கொண்டே மூன்றாவது சொம்பு ஊற்றினாள். நடுவில் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "சட்டி எடுக்கற நேரமாவல?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

அப்பா சந்து வழியாகப் படியேறி, வெளியே தொங்கிய பூட்டைத் திறந்தார். தன் கையில் ஏழு நாளாக இருந்த காப்பை அவிழ்த்து அருள்பாண்டி அண்ணன் கையில் கட்டினார். தன் மஞ்சள் வேட்டியைக் கட்டிவிட்டு, முகம் முழுக்க மஞ்சளைப் பூசி, வாயில் வேப்பிலையைக் கவ்வக் கொடுத்து, நெற்றியை மறைத்துப் பூச்சரம் சுற்றினார். விரதம் இருந்த கையிலிருந்து காப்பை அவிழ்ப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று உனக்குத் தெரியும். கோயிலில் பூசாரி ஆள் மாறியதைப் பார்த்தார். சட்டியில் கற்பூரத்தை வைத்தார்.

ஊர்வலத்தில் ஏழாவது ஆளாக அண்ணன் வந்தார். பழக்கம் இல்லாத கை. வேப்பிலைக்கு மேலே சட்டி கொதித்தது. கொம்பையாவுக்கும் அவருக்கும் நடுவே இரண்டு முழம்கூட இல்லை. கொம்பையா செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் தீயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அதற்கப்புறம் அவர்கள் மாடிக்குப் போய்ப் பூட்டை உடைத்துப் பார்த்தார்கள். யாரும் இல்லை. கீழே வந்து, அது கம்பெனிக்குப் போயிருக்கிறது என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டு, பெரிய ரோட்டு முனையில், பேனருக்கு அடியில் போய் மூன்று மணி பஸ்ஸுக்காக நின்றார்கள். அம்மா முந்தின நிறுத்தம் வரை வெயிலில் வேகுவேகென்று நடந்து, கம்பெனி பஸ்ஸைக் கைகாட்டி மறித்து ஏறி, செல்வி அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நம் முனையில் இருபது பெண்கள் இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு, ஒரே தொப்பி, ஒரே முகமூடி. ஒவ்வொருத்தி கண்ணாக அவர்கள் குனிந்து பார்த்தார்களாம். அம்மாவும் செல்வி அக்காவும் இறங்கவில்லை. பஸ் போய்விட்டது. ஊர்வலம் கலைந்ததும் அப்பா அண்ணனையும் அவர்கள் இருந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அண்ணனின் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துத் தோல் உரிந்துவிட்டது என்று அப்பா பிறகு சொன்னார். பாட்டு என்ன ஆயிற்று, செல்வி அக்கா இன்னும் பாடுகிறதா என்று நீ கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை.

அவர்கள் மாடி ஏறியதிலிருந்து பஸ் போகும்வரை உன் தளபதி எங்கே இருந்தான் தெரியுமா? நம் வீட்டுப் பாத்ரூமில். குழாயைத் திறந்து வாளியில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே பூட்டு உடையும் சத்தம் கேட்கக் கூடாது என்று.

அம்மா என்னை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே என் தட்டில் சோறு போட்டாள். விரலைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கொம்பையா போகிறபோது என் போனை வாங்கி அவன் நம்பரைப் பதிந்துவிட்டுப் போனான். "நீ நம்ம பையன். ஏதாச்சும் தெரிஞ்சா ஒரு மிஸ்டு கால் குடு" என்றான். ஞாயிறுதோறும் கூப்பிடுகிறான். பெரிய ரோட்டு அய்யாத்துரை டீக்கடையில் இரண்டு தடவை அந்தக் காரைப் பார்த்துவிட்டேன். கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுக்கிறான். "சாப்ட்டியா தம்பி" என்கிறான். குடித்துவிட்டு வருகிறேன். சிம்மை மாற்றினால் வீட்டுக்கே வந்துவிடுவான் என்று மாற்றவும் பயம்.

அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியும். போன வாரம் அம்மா என்னமோ சொல்ல வந்தாள். நான் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டேன்.

உனக்கு எப்படியாவது தெரிந்தாலும் எனக்கு எழுதாதே அக்கா. அவன் கேட்டால் வாயை நான் எப்படியாவது பிடித்துக்கொள்வேன். கையைப் பற்றித்தான் எனக்குத் தெரியவில்லை.

வார்டன் அம்மாவைக் கேட்டதாகச் சொல். தலைவலிக்கு மாத்திரை போடு.

வசந்து